0.4 மீட்டர் அலைக்காகக் கோவளம் வரலாமா? அமைதியான கடலின் முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன. அதனால் நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு சர்ஃபிங் வகுப்புகள் போயிருக்கிறீர்கள். பிப்ரவரி கடைசி சனி, ஞாயிறு பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு கோவளம் வரத் திட்டம் (சென்னைக்குத் தெற்கே உள்ள நம் கோவளம், கேரளத்துக் கோவளம் இல்லை). ஒரு இணையதளம் 0.4 மீட்டர், 12 வினாடி என்கிறது. இன்னொன்று 0.6 மீட்டர், 6 வினாடி என்கிறது. காற்று மணிக்கு 7 கிலோமீட்டர், மழை இல்லை, அலைத் தரத்துக்கு இரண்டிலும் ஒரே ஒரு நட்சத்திரம். எதை நம்புவது, இதற்காக இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வரலாமா, கடல் இவ்வளவு அமைதியாக இருந்தால் நீச்சல் குளத்தில் பழகிய 12 வயது மகளையும் இறக்கலாமா என்று கேட்கிறீர்கள். நான் படித்தது கடலியல். இந்தக் கரையில் பன்னிரண்டு வருடமாக அலை ஏறுகிறேன், அதில் பாதி வருடங்கள் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் முதல் இரண்டும் புரிந்தால்தான் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் அந்த இரண்டு தளங்கள். அவை முரண்படுவதாக நினைக்கிறீர்கள், அநேகமாக இரண்டும் ஒரே கடலைத்தான் சொல்கின்றன. நம் கரைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகை அலைகள் வருகின்றன. ஒன்று, ஸ்வெல் என்று நாங்கள் சொல்கிற தூரத்து அலை. எங்கோ தெற்கில் புயல்காற்று கிளப்பிவிட்டது, பல நாள் பயணம் செய்து ஒழுங்காக, இடைவெளி விட்டு வந்து சேர்வது. இன்னொன்று, பக்கத்துக் காற்று அன்றன்றைக்குக் கிளப்பும் குட்டைக் காற்றலை. முதல் தளம் தூரத்து அலையை மட்டும் தனியாகப் பிரித்து 0.4 மீட்டர் என்று காட்டுகிறது. இரண்டாவது தளம் எல்லாவற்றையும் சேர்த்து 0.6 என்கிறது. அலை உயரங்களைச் சாதாரணமாகக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.4 மீட்டர் தூரத்து அலையோடு 0.45 மீட்டர் காற்றலை சேர்ந்தால் கிடைப்பது 0.85 இல்லை, சரியாக 0.6 தான். அந்த இரண்டில் காற்றலைக்குக் கொஞ்சம் பலம் அதிகம் என்பதால் அதன் 6 வினாடியை இரண்டாவது தளம் முன்னால் போட்டுவிட்டது. அந்தப் பக்கத்திலேயே கீழே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு வகையையும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

புதியவர்கள் எல்லோரும் மீட்டரைப் பார்க்கிறார்கள். கடல் பெரிதாக இருக்கும்போது அது போதும். அமைதியான நாளில் பார்க்க வேண்டியது வினாடியைத்தான். ஓர் அலைமுகடு போய் அடுத்த முகடு வர எடுக்கும் நேரம் அது. ஆழ்கடலில் அலையின் நீளம், வினாடியின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 6 வினாடி அலையின் நீளம் 56 மீட்டர், 12 வினாடி அலையின் நீளம் 225 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் தண்ணீரை அசைக்கிறது. ஆகவே 6 வினாடி அலை 28 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகுதான் தரையை உணரும். 12 வினாடி அலையோ 110 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கி, மெல்ல வேகம் குறைந்து, ஒடுங்கி, உயரமாகிக்கொண்டே வரும். இரண்டும் ஆழ்கடலில் அரை மீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கரைக்கு வந்தால் 6 வினாடி அலை முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உடையும், 12 வினாடி அலை கிட்டத்தட்ட ஒரு மீட்டரில் உடையும். அதனால் நட்சத்திரத்தை மறந்துவிடுங்கள். 0.4 மீட்டர், 12 வினாடி என்பது கற்றுக்கொள்பவருக்கு நல்ல செய்தி. மேலே குழப்பிவிடும் அந்தக் காற்றலைதான் உங்கள் எதிரி. அது காலையில் அடங்கியிருக்குமா என்பதே கேள்வி.

மேலே சொன்ன கணக்கில் "நேராகக் கரைக்கு வந்தால்" என்றேன், அதை விளக்க வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரி வரை நம் கரை ஏறக்குறைய கிழக்கு-தென்கிழக்கைப் பார்த்து நிற்கிறது. தூரத்து அலை தெற்கு, தென்-தென்கிழக்கிலிருந்து வருகிறது. நேர் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதில் பெரும்பங்கை இலங்கை மறித்துவிடுகிறது. தீவின் கிழக்கு விளிம்பைத் தாண்டி வருவதுதான் நமக்கு. அதுவும் கரையை உரசுகிற மாதிரி சாய்வாக வந்து, வளைந்து, வளைந்ததில் கொஞ்சம் பலம் இழந்துதான் நம்மிடம் வரும். அதே அலை கேரளத்திலோ இலங்கையின் அறுகம்பேயிலோ கொடுக்கிற உயரத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இதையெல்லாம் கழித்துவிட்டு என் மதிப்பீட்டைச் சொல்கிறேன்: பெரும்பாலான அலைகள் முழங்காலிலிருந்து தொடை வரை இருக்கும், பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் செட்டில் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளின் கூட்டம்) ஒன்றிரண்டு இடுப்பளவு வரும். ஒன்பதடி ஃபோம்போர்டில் படுத்துத் துடுப்புப் போட்டுப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல அளவு கிடையாது. ஆறடி பலகை கொண்டுவந்தால் இரண்டு நாளும் தண்ணீரில் உட்கார்ந்திருப்பீர்கள்.

இந்த முன்னறிவிப்பில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் பார்ப்போம். 12 வினாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, ஒரு நாளைக்கு 800 கிலோமீட்டர். தெற்கே 40 டிகிரி அட்சரேகைப் பக்கம் புறப்பட்டது நமக்கு வந்து சேர ஏழெட்டு நாள் ஆகும். சனிக்கிழமை உங்கள் பலகையைத் தூக்கப்போகும் அலை, நீங்கள் கேள்வி எழுதும்போதே புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது. அது நடந்து முடிந்த காற்றின் விளைவு, அதனால் ஐந்து நாள் முன்னாலேயே அதன் வினாடியையும் திசையையும் நம்பலாம். வந்து சேரும் நேரம் அரை நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். உயரத்தில் மட்டும் கவனம் வேண்டும். 0.4 என்று போட்டிருப்பது 0.3 ஆனாலும் 0.5 ஆனாலும் முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரிக்கு அது சின்னப் பிழை. உங்களுக்கோ அது அலை உண்டா இல்லையா என்கிற வித்தியாசம். பெரிய கடலில் பத்து சென்டிமீட்டரை யாரும் கவனிப்பதில்லை, அமைதியான கடலில் எல்லாமே அந்தப் பத்து சென்டிமீட்டரில்தான்.

காற்றை ஐந்து நாள் முன்னால் நம்பாதீர்கள். அதிலும் "7 கிலோமீட்டர்" என்கிற ஒற்றை எண்ணை நம்பவே வேண்டாம். பிப்ரவரி கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்துவிடும், தென்மேற்கு இன்னும் தொடங்கியிருக்காது. பெரிய காற்று எதுவும் இல்லாததால் கரையும் கடலும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் காற்றுதான் அன்றைக்கு ராஜா. இரவில் தரை குளிர்ந்து, விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய கரைக்காற்று வீசும். அது அலையின் முகத்தைத் தடவிவிட்ட மாதிரி வழவழப்பாக்கும். தரை சூடேறிய பிறகு திசை திரும்பும். இந்த மாதத்தில் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல், பதினொன்றுக்குள் கடற்காற்று தொடங்கிவிடும், மதியத்துக்கு மேல் வலுக்கும். இரவிலும் காலையிலும் 4, மாலையில் சில மணி நேரம் 18 என்பதை ஒரு நாளுக்குச் சராசரி எடுத்துப் போட்டால் நீங்கள் பார்ப்பது மாதிரி அசட்டு எண் வரும். பல இலவசத் தளங்கள் காட்டும் உலக மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுபவை, ஒரு கட்டம் சுமார் 25 கிலோமீட்டர் அகலம். கேளம்பாக்கமும் கோவளமும் நடுக்கடலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்குக் கரைக்காற்று எந்த நிமிடம் திரும்பும் என்று எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை இரவு மணிவாரியாகப் பாருங்கள், சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வெளியே வந்து தென்னை ஓலையைப் பாருங்கள். ஓலை கடல் பக்கம் சாய்ந்து லேசாக ஆடினால் சரி.

அடுத்தது கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம். உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அமைதியான நாளில் இதுதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அலை தன் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது. அரை மீட்டர் அலை 65 சென்டிமீட்டர் தண்ணீரில் உடையும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நம் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவு. அதாவது, இறக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற மணல்திட்டின் மேல், ஏற்றத்தில் ஆள் மூழ்கும் தண்ணீர் நிற்கும். இரண்டு மீட்டர் அலைக்கு இது பொருட்டே இல்லை, உடையும் இடம் கொஞ்சம் முன்பின் போகும். உங்கள் அரை மீட்டர் அலையோ ஏற்றத்தில் திட்டைத் தொடாமலே தாண்டிவந்து, கரை விளிம்பில் தொப்பென்று விழுந்துவிடும். ஏழு மணிக்கு அழகாக உடைந்துகொண்டிருந்தது எட்டரைக்குக் காணாமல் போய்விட்டது என்று புதியவர்கள் வருத்தப்படுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். அலை எங்கும் போகவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது.

காலண்டரைப் பார்த்தேன், உங்கள் சனிக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள். சென்னைக் கரையில் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் ஏறக்குறைய காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் உச்சத்துக்கு வரும், இறக்கம் பிற்பகல் இரண்டரை, மூன்று மணி வாக்கில். சரியான நிமிடத்துக்குச் சென்னைத் துறைமுக ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள், கோவளத்துக்கு அது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே சனிக்கிழமை உங்களுக்கு நல்ல நேரம், வெளிச்சம் வந்த ஆறேகாலிலிருந்து ஏழரை வரை. கரைக்காற்று இருக்கும், தண்ணீர் பாதிதான் ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டு நாளில் அதுதான் நல்ல நாளாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது வாய்ப்பு பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு, தண்ணீர் பாதி இறங்கிய பிறகு. அப்போது கடற்காற்று தொடங்கியிருக்கும். வழவழப்பு போயிருந்தாலும், வெள்ளை நுரையில் எழுந்து நிற்கப் பழகுவதற்குக் காற்று ஒரு தடையே இல்லை. வெயில்தான் தடை. கையுள்ள சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர் தாங்கும் வெட்சூட் உடை வேண்டாம்.

எந்தத் தளமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, மணல். பாறைமேல் உடைகிற அலை என்றால் வருடத்துக்கு வருடம் அதே இடத்தில் உடையும். நீங்கள் வருவது மணல்திட்டின் மேல் அலை உடையும் பீச் பிரேக். திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். நவம்பர், டிசம்பரில் அடித்த பெரிய அலைகள் கரை மணலை வாரிக்கொண்டுபோய் உள்ளே திட்டாகக் குவிக்கின்றன. அதற்குப் பிறகு வரும் அமைதியான வாரங்களில் சின்ன அலைகள் அந்த மணலைத் துளித்துளியாகக் கரைக்குத் திருப்பித் தள்ளுகின்றன. வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு இது நல்லது, கடற்கரை அகலமாகும். நமக்கு அவ்வளவு நல்லது இல்லை. அமைதி நீண்டால் திட்டு கரையோடு ஒட்டிக்கொண்டு, கரை செங்குத்தாகிவிடும். அப்போது அலை எங்கும் முன்னால் உடையாமல் விளிம்பில் வந்து ஒரேயடியாக மடங்கி விழும். முழங்கால் உயரம்தான் இருக்கும். ஆனால் அரையடித் தண்ணீரில் தலைகீழாகக் குத்தினால் தோளோ கழுத்தோ போய்விடும். இந்தக் கரையில் நான் முதலுதவி செய்தவர்களில் அதிகம் பேர் அப்படிச் சின்ன அலையில் அடிபட்டவர்கள்தான். பலகையிலிருந்து விழும்போது தலையைக் காட்டி விழாதீர்கள். தட்டையாக, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு விழப் பழகுங்கள்.

இந்த வாரம் திட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பெங்களூரில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. கோவளத்தில் இருந்துகொண்டு நானே வெள்ளிக்கிழமை சொன்னது திங்கட்கிழமை மாறியிருக்கும். வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பார்க்கத் தெரிந்தால் சுலபம். பலகையை மணலில் வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். எங்கே நுரை வெள்ளையாகத் திரும்பத் திரும்ப எழுகிறதோ அங்கே தரை மேடு. எங்கே அலை உடையாமல் தண்ணீர் கருத்த நிறத்தில், சாதுவாகத் தெரிகிறதோ அங்கே பள்ளம். நங்கூரம் போட்ட ஃபைபர் படகு ஏதாவது இருந்தால் அது ஒரு தடவை தூக்கி இறக்குவதிலிருந்து அடுத்த தடவை வரை மனசுக்குள் எண்ணுங்கள். பதினொன்று, பன்னிரண்டு வந்தால் உங்கள் தூரத்து அலை வந்துவிட்டது. ஐந்து, ஆறிலேயே ஆட்டம் முடிந்தால் காற்றலை மட்டும்தான். அப்புறம் நீரோட்டம். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் நம் மீனவர்கள் சொல்வார்கள். பிப்ரவரியில் வன்னி போய்த் தெண்டி தொடங்கும் காலம். நுரையில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். கரையில் ஏதாவது ஒரு கட்டடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கு நேராக இல்லாமல் போனதும் வெளியே வந்து நடந்து திரும்புங்கள். வலை இழுப்பவர்களோ படகு இறக்குபவர்களோ இருந்தால் அந்த இடம் அவர்களுடையது, நூறு மீட்டர் தள்ளிப் போங்கள்.

இப்போது மகள். "கடல் அமைதி" என்பதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவு என்பது வானிலையின் அமைதி. அதற்கும் கடலுக்குள் வந்துகொண்டிருக்கும் தூரத்து அலைக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். உள்ளூரில் காற்றின் சுவடே இல்லாமல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் நீண்ட இடைவெளி அலை திருடன் மாதிரி கரையேறுவது. 2012-ல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட சொல் இது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட நாட்களில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற இந்தியக் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. உங்கள் வார இறுதியில் அப்படி எதுவும் தெரியவில்லை. 0.4 மீட்டர், 12 வினாடி என்பது அந்த ரகம் இல்லை. 15 வினாடிக்கு மேல், ஒரு மீட்டரை நெருங்கி என்று எண்கள் மாறினால் வானம் எப்படியிருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கிளம்பும் முன் இன்காய்ஸ் எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்து, செங்கல்பட்டு மாவட்டக் கரைக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பெரிய ஆபத்து இல்லை என்பதால் சின்ன ஆபத்தும் இல்லை என்று ஆகாது. திட்டின் மேல் ஏறி உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும், இரண்டு திட்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தின் வழியாகப் போகும். அதுதான் இழுப்பு. மேலே சொன்னேனே, அலை உடையாமல் சாதுவாகத் தெரிகிற கருத்த தண்ணீர், அந்த இடமேதான். சில வருடம் முன்பு ஒரு மார்ச் காலை, அலை முழங்காலுக்கு மேல் இல்லை. பத்துப் பதினொரு வயதுப் பையன்கள் இரண்டு பேர் நுரை முகத்தில் அடிக்கிறது என்று அந்த அமைதியான பட்டைக்கு நகர்ந்தார்கள். கரையில் அவர்கள் வீட்டார் நிம்மதியாக இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே பார்க்கிறேன், இடுப்பளவில் நின்ற பையன்களின் தோள் மட்டும் தெரிகிறது, அடுத்த நிமிடம் தலை மட்டும். யாரும் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. பெரியவன் சின்னவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து நேராக நீந்திக்கொண்டிருந்தான், நகரவே இல்லை. துடுப்புப் போட்டு அவர்களிடம் போய்ச் சேர எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது, கரையிலிருந்து நாற்பது மீட்டர்கூட இருக்காது. இருவரையும் பலகையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் இருபது மீட்டர் தள்ளினேன், அங்கே அலை தானே எங்களைக் கரைக்குத் தூக்கிப் போட்டது. பெரியவனின் விரல்களைச் சட்டையிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் எல்லாத் தளத்திலும் ஒரு நட்சத்திரம்தான்.

அதனால் மகள் இறங்கலாம், இப்படி: ஏற்றத்துக்கு முன்னால் உள்ள அந்தக் காலை நேரத்தில், நுரை வெள்ளையாக எழும் திட்டின் பக்கம், அவள் இடுப்புக்கு மேல் போகாத தண்ணீரில், நீங்களோ பயிற்சியாளரோ கை எட்டும் தூரத்தில், அவளுக்குக் கடல் பக்கம் நின்றுகொண்டு. பெரியவர்கள் கரைப் பக்கம் நிற்பதுதான் வழக்கம், அதை மாற்றுங்கள். இழுப்பு கடல் பக்கம்தான் கொண்டுபோகும். நீச்சல் குளத்தில் பழகியவர்களுக்கு விளிம்பைப் பார்த்து நேராக நீந்துவது அனிச்சையாகிவிடும், இழுப்பில் அதுதான் களைக்க வைக்கும். மணலில் ஒரு கோடு போட்டுச் சொல்லிக்கொடுங்கள்: இழுத்தால் மிதந்துகொண்டே கரைக்குப் பக்கவாட்டாகப் போ, நுரை வரும் இடம் வந்ததும் கரைக்குத் திரும்பு. பலகையின் கயிறு காலில் கட்டியிருந்தால் பலகையை விடவே கூடாது, அதுதான் அவளுடைய படகு. பிற்பகலில் அவளை இறக்க வேண்டாம். தண்ணீர் இறங்கும்போது பள்ளங்களில் ஓட்டம் கூடும், கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். முட்டுக்காடு முகத்துவாரத்தின் பக்கம் எந்த நேரத்திலும் யாருமே இறங்க வேண்டாம், தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும். இந்த மாதங்களில் சொறியும் (ஜெல்லிமீன்) வரும். தண்ணீரில் கண்ணாடிப்பை மாதிரி மிதப்பதைப் பார்த்தால் தொட விடாதீர்கள், கரையில் ஒதுங்கிக் கிடப்பதையும் சேர்த்து.

விடியற்காலையில் மணலில் இறங்கும்போது டார்ச் அடித்துக்கொண்டு போகாதீர்கள் என்று ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பங்குனி ஆமைகள் முட்டையிட்டுப்போகும் காலம் இது. இருட்டில் வரும் ஆமையை வெளிச்சம் திசை திருப்பிவிடும். டிராக்டர் தடம் மாதிரி அகலமான கோடு மணலில் ஏறி இறங்கியிருந்தால் மகளுக்குக் காட்டுங்கள், அதுதான் ஆமை வந்துபோன தடம்.

வரலாமா என்பதற்கு என் பதில்: அலை ஏறுவதற்காக மட்டும் என்றால், நன்றாகப் பழகிய ஒருவரிடம் "ஆகஸ்டில் வா" என்பேன். மாமல்லபுரத்தில் 2023-ல் உலக சர்ஃப் லீக் தகுதிப் போட்டியையும் 2025-ல் ஆசிய சாம்பியன்ஷிப்பையும் ஆகஸ்டில் வைத்தார்கள், அப்போதுதான் இந்தக் கரைக்குத் தெற்கு அலை தொடர்ந்து கிடைக்கும். ஏழெட்டு வகுப்பு முடித்தவருக்கு ஆகஸ்ட் கொஞ்சம் முரடு. துடுப்புப் போடவும், சரியான நேரத்தில் எழவும், அலை எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கவும் இந்த அமைதிதான் உங்களுக்கு வேண்டியது. வாருங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை இரவே வந்து தங்கிவிடுங்கள். சனிக்கிழமை காலை கிளம்பிப் பத்து மணிக்கு வந்து சேர்ந்தால் ஏற்றம் உச்சத்தைத் தொட்டிருக்கும், காற்றும் திரும்பியிருக்கும், நல்ல நேரம் முழுவதும் சாலையில் போயிருக்கும். வியாழக்கிழமை மாலை அந்த இரண்டு தளத்தையும் மறுபடி பாருங்கள். தூரத்து அலை 0.3-க்குக் கீழே இறங்கி, வினாடியும் எட்டு, ஒன்பதுக்கு வந்துவிட்டால் பலகை வாடகைக்குப் பணம் கட்டாதீர்கள், அந்தச் சனிக்கிழமை கடலில் குளிப்பதற்கு மட்டும்தான். 0.4, 12 என்று அப்படியே நின்றால், காலை ஐந்தரைக்கு அலாரம் வையுங்கள்.